தண்ணீர் விடாத கை

தெற்கு லண்டனில் மிட்சம் பக்கம் குடியிருக்கிற நம் சனத்திடம், இந்த ஊர் ஒருகாலத்தில் வாசனைக்குப் பேர்போனது என்று சொன்னால் சிரிப்பார்கள். காலையில் பேருந்துப் புகை, மாலையில் கொத்துரொட்டிக் கடையின் எண்ணெய்ப் புகை. இதற்குள் வாசனை எங்கிருந்து வந்தது என்பார்கள். ஆனால் 1749இல் எஃப்ரைம் பொட்டர், வில்லியம் மூர் என்ற இருவர் இங்கேதான் லாவெண்டரையும் பெப்பர்மிண்டையும் காய்ச்சி எண்ணெய் வடிக்கத் தொடங்கினார்கள். அடுத்து வந்த நூற்றாண்டில் மிட்சம், வாலிங்டன், கார்ஷால்டன், சட்டன் என்று வரிசையாக ஊதா வயல்கள். வாலிங்டனில் இந்தத் தொழிலை நடத்திய சாரா ஸ்ப்ரூல்ஸ் என்ற பெண்ணை 1886இல் விக்டோரியா மகாராணி தனக்கு லாவெண்டர் சாரம் வழங்குபவராக நியமித்தார். லண்டன் தெருக்களில் ஏழைப் பெண்கள் அதைக் கட்டுக்கட்டாகக் கூடையில் வைத்து ராகம் இழுத்து விற்றார்கள். அந்தக் கூவலை வோன் வில்லியம்ஸ், 1914இல் அரங்கேறிய தன் லண்டன் சிம்பொனியின் இரண்டாம் பகுதிக்குள் கொண்டுவந்தார். இன்றைக்கு மிட்சத்தில் எஞ்சியிருப்பது லாவெண்டர் அவெனியூ என்ற தெருவும் அதுபோல இன்னும் சில பெயர்ப்பலகைகளும்.

அந்தச் செடி ஏன் இங்கே செழித்தது என்பதற்கு மண்ணைத்தான் பார்க்க வேண்டும். வாண்டில் ஆற்றங்கரையில், பழைய வெள்ளங்கள் பரப்பிவிட்டுப் போன கூழாங்கல் படிவின்மேல் மிட்சம் உட்கார்ந்திருக்கிறது. பெய்கிற மழை கீழே இறங்கிவிடும். தெற்கே கார்ஷால்டன், பான்ஸ்டெட் என்று போனால் நிலம் உயர்ந்து வெள்ளைச் சுண்ணப்பாறையாகிறது; அங்கேயும் தண்ணீர் தங்காது. ஆனால் கிழக்கே நோர்பரிப் பக்கம் நகர நகர லண்டன் களி தொடங்கிவிடும். குளிர்காலத்தில் சப்பாத்தில் அப்பினால் கழுவினாலும் போகாது. கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். எங்கள் வீடு இரண்டுக்கும் எல்லையில், களியின் பக்கம் இருக்கிறது. லாவெண்டருக்குப் பேர்போன ஊரின் ஓரத்தில், லாவெண்டருக்கு ஆகாத மண்ணில் அதை நடவேண்டி வந்தது இப்படித்தான்.

செடிகள் பல்பொருள் அங்காடி வாசலில் கறுப்புப் பிளாஸ்டிக் சாடிகளில் வாங்கியவை. 'ஹிட்கோட்' என்று அட்டை குத்தியிருந்தது. சமையலறைக் கதவுக்கு வெளியே வரிசையாக வைத்தோம். அங்கே வைத்த அன்றைக்கே அவை மாமியின் ஆட்சிக்குள் போய்விட்டன. காலையில் அரிசி கழுவினால் அந்தத் தண்ணீர், பருப்பு கழுவினால் அந்தத் தண்ணீர், முட்டை அவித்தால் அது ஆறினபிறகு அந்தத் தண்ணீர்.

"தம்பி, இதுக்குத் தண்ணி விடவேண்டாம் எண்டு சொல்லுறீங்கள். தண்ணி கேக்காத செடி ஒண்டு உலகத்தில இருக்கே?"

"இது கல்லு மலையில வாற செடி மாமி."

"கல்லு மலையில வந்தாலும் வாய் இருக்குத்தானே."

மாமியின் பக்கத்து நியாயம் பலமானது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. குடிக்கவும் தோட்டத்துக்கும் கிணறுதான். துலாவில் ஏறி மிதித்து, பட்டையால் இறைத்து, வாய்க்கால் கட்டித் திருப்பி, ஒவ்வொரு பாத்தியாகத் தண்ணீர் கட்டிய தலைமுறையைக் கண்டு வளர்ந்தவர். குளித்த தண்ணீர் வாழைக்கு, மீன் கழுவிய தண்ணீர் தேசிமரத்துக்கு, அரிசித் தண்ணீர் கறிவேப்பிலைக்கு என்று வீட்டின் ஒவ்வொரு கழிவு நீருக்கும் ஒரு மரம் பேர் சொல்லி நிற்கும். அந்த ஊரில் ஒரு செடிக்குத் தண்ணீர் வார்ப்பதென்றால் உடம்பு உழைப்பைக் கொண்டுபோய் அதன் அடியில் ஊற்றுவது. அதை வேண்டாம் என்கிற செடியைச் செடியாகவே அவர் கணக்கில் எடுக்கவில்லை. அதற்கு ஏதோ வருத்தம் என்றுதான் நினைத்தார்.

சாடியில் இருக்கும்வரை இந்த வழக்கில் யார் வென்றது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. சாடியில் நிற்கிற லாவெண்டர் உண்மையிலேயே தண்ணீர் கேட்கும். அதன் வேர் எட்டக்கூடிய உலகம் இரண்டு லீட்டர் மண். ஜூலை வெயிலில் அது இரண்டு நாளில் வறண்டுவிடும். அப்போது ஊற்றவேண்டும். பிறகு நவம்பரில் அதே மண் ஊறிக்கிடந்து அழுகும். அப்போது கூரைக்குக் கீழே நகர்த்தவேண்டும். சாடி என்பது செடியின் வாழ்வு முழுவதையும் வீட்டுக்காரரின் கையில் கொடுத்துவிடுகிற ஏற்பாடு. அவர் நல்லவராக இருந்தால் போதாது, வீட்டில் இருக்கவும் வேண்டும். தரையில் இறக்கிவிட்டால் அந்தப் பொறுப்பில் பெரும்பங்கை மண் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு நம்மிடம் எஞ்சுவது, எதைச் செய்யாமல் இருக்கவேண்டும் என்கிற வேலை. அது எளிய வேலை என்று செய்து பார்க்காதவர்கள்தான் சொல்வார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். லண்டனில் இருந்து தமிழில் எழுதுகிறவன் சாடியில் இருந்த செடியைத் தரையில் நட்டான் என்றால், வாசகர் உடனே பேனையை எடுத்து ஓரத்தில் 'புலம்பெயர்வு, வேர்' என்று குறித்துக்கொள்வார். தயவுசெய்து வேண்டாம். இந்தச் செடி ஏதோ ஒரு நாற்றுப்பண்ணையின் கூடாரத்தில் ஆயிரக்கணக்கில் ஒன்றாக முளைத்து, லாரியில் வந்து, தள்ளுபடி விலையில் விற்கப்பட்டது. அதற்கு ஊர் நினைவு கிடையாது. இங்கிலீஷ் லாவெண்டர் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியிருக்கிறதே தவிர, அதன் காட்டு இனம் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் மலைச்சரிவுகளுக்கு உரியது. இங்கிலாந்தில் அது இயற்கையாக வளர்ந்த செடியே அல்ல. ஹிட்கோட் என்ற வகைக்குப் பெயர் கொடுத்தது குளொஸ்டர்ஷயரில் லாரன்ஸ் ஜோன்ஸ்டன் 1907 தொட்டு உருவாக்கிய தோட்டம். அவரும் அமெரிக்கப் பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்தவர். வேர் பற்றிய தத்துவத்தை இந்தச் செடியில் ஏற்றினால் அது தாங்காது. சரிந்து விழும்.

ஆனால் சாடியைக் கவிழ்த்துச் செடியை வெளியே எடுத்தபோது, என்னை நிறுத்திய ஒன்று அதன் மண்ணில் இருந்தது. அது மண்ணே அல்ல, தும்புச்சோறு. பிரித்தானியாவில் முன்பெல்லாம் பூச்சாடிக் கலவை என்றால் சதுப்பு நிலத்துக் கரிமண்தான். அதைத் தோண்டத் தோண்டச் சதுப்பு அழிகிறது, அதில் பூட்டிக்கிடக்கும் கரிமம் வெளியேறுகிறது என்று எதிர்ப்பு வளர்ந்தபிறகு, பண்ணைகள் மரநாருக்கும் தேங்காய்த் தும்புச்சோற்றுக்கும் மாறிவருகின்றன. அந்தத் தும்புச்சோறு பெரும்பாலும் இலங்கையிலும் இந்தியாவிலும் இருந்து கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலில் வருவது. தமிழ்நாட்டுக்காரருக்குப் பொள்ளாச்சிப் பக்கத்து நார் ஆலைகளின் வாசலில் குவிந்திருக்கும் அந்தப் பழுப்புக் குன்றுகள் தெரிந்திருக்கும். ஊரில் மட்டை ஊறப்போட்டுத் தும்பு அடித்தபிறகு காற்றில் பறந்து மூக்கில் ஏறுகிற அந்தத் தூள், நோர்பரிக் களிமண்ணின் ஓரத்தில் ஒரு பிரெஞ்சு மலைச்செடியின் வேரைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாமி கையில் எடுத்து நுள்ளிப் பார்த்து, "இது எங்கட சாமான்" என்றார்.

எங்கட சாமான்தான், ஆனால் தரையில் இறக்கும்போது அதுவே தொல்லை. தும்புச்சோறு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்துவிட்டாலோ சுற்றியுள்ள களி தன் ஈரத்தை அதற்கு லேசில் கொடுக்காது. அந்த உருண்டையை அப்படியே களியில் புதைத்தால், கோடையில் சுற்றுமண் ஈரமாக இருக்கும்போதே உருண்டைக்குள் வேர் வறண்டு கிடக்கும். மாரியில் சுற்றிலும் இருக்கிற நீரையெல்லாம் உருண்டை இழுத்து வைத்துக்கொண்டு வேரை அழுகவைக்கும். ஆகவே விரலால் கோதிவிட்டு, ஓரத்துத் தூளில் ஒரு பகுதியை உதிர்த்துவிட்டுத்தான் நடவேண்டும். கோதும்போது நடுவில் மெல்லிய வலைத்துணி ஒன்று அகப்படும். பண்ணையில் குருத்துத் துண்டை முதலில் வேரூன்ற வைத்த சின்ன உறை அது. மக்கிவிடும் என்று எழுதியிருப்பார்கள். பல தடவை மக்குவதில்லை. உள்ளே இருந்து புறப்பட்ட வேர்கள் வலைக்கண்ணில் சிக்கி அந்த இடத்திலேயே கழுத்து நெரிபட்டுத் தடித்திருப்பதைக் காணலாம். கத்தரிக்கோலின் முனையை உள்ளே விட்டு, மேலிருந்து கீழே ஒரு கீறல் கீறி உரித்து எடுக்கவேண்டும். வெள்ளை வேர்கள் சில அறுபடும், பரவாயில்லை. சாடியின் சுவரோடு வட்டமாய்ச் சுற்றிக்கொண்டிருந்த வேர்களை நேராக்கி விடுவதும் இப்போதுதான். விட்டால் தரைக்குள் போனபின்பும் அதே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்தது குழி. தோட்டக்கலை பற்றி எழுதுகிறவர்கள் பலர், களிமண்ணில் ஒரு குழி தோண்டி அதற்குள் இரண்டு கை மணலும் கல்லும் போட்டு நடச் சொல்கிறார்கள். எனக்கு இதைப் படித்தால் கோபம் வரும். களியில் தோண்டிய குழி ஒரு சட்டிதான். அதற்குள் கல்லைப் போட்டால் கல் போட்ட சட்டி. சுற்றியுள்ள நிலத்து மழைநீரெல்லாம் அந்த இளகிய இடத்தைத் தேடி வந்து நிறையும், போக வழி இருக்காது. செய்யவேண்டியது கீழே போவதல்ல, மேலே வருவது. அலவாங்கால் களியை அகலமாகக் கிண்டி, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பருங்கல்தூள் கலந்து, தரைமட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு வரப்பாக அணைத்து, அந்த வரப்பின் முதுகில் நடவேண்டும். மிளகாய்க் கன்றுக்கு மண் அணைத்துப் பழகிய மாமிக்கு இதில் ஆட்சேபம் எதுவும் இருக்கவில்லை. வரப்பைத் தட்டிச் சரிசெய்ததும் அவர்தான். பசளை போடக் கொண்டுவந்ததும் அவர்தான். அதை ரோஜாவுக்குத் திருப்பிவிட்டோம். எருப்போட்ட லாவெண்டர் மளமளவென்று சதைத்து வளரும். தண்டு நீண்டு, மென்மையாகி, ஒரு மழைக்கு நடுவில் பிளந்து நாலு பக்கமும் சாய்ந்து கிடக்கும். குளிரையும் தாங்காது.

நடும் காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை. அந்த நாட்களில் மண்ணைக் கையில் பிடித்து நசுக்கினால் ஒட்டாமல் உதிரும், வேரூன்ற ஒரு முழுக் கோடை முன்னால் இருக்கும். இலையுதிர்காலத்தில் மலிவாய்க் கிடைக்கிறதே என்று வாங்கி நட்டால், ஊன்றாத வேரோடு அது ஈரக் குளிருக்குள் போகிறது. வெயில் விழும் இடமாக, குறைந்தது நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாக இருக்கவேண்டும். இதற்குமேல் இடம்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நிழலில் லாவெண்டர் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில், வேறு செடி வையுங்கள் என்பதுதான்.

மண்ணைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போது மனம் தானாக யாழ்ப்பாணத்துக்குப் போய் நிற்கிறது. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்த சற்று நேரத்தில் காலில் ஒட்டாமல் காய்ந்துவிடும். நீர் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. புரோவென்ஸில் லாவெண்டர் நிற்கும் மேட்டு நிலங்களும் சுண்ணாம்புக் கல்தான். கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படிகிற அதே கடினநீர் யாழ்ப்பாணத்திலும் உண்டு, சுண்ணப்பாறையில் ஊறி வருகிற லண்டன் குழாய்நீரிலும் உண்டு. லாவெண்டருக்கு அந்தச் சுண்ணாம்பு பிடிக்கும், புளித்த மண் பிடிக்காது. மண்ணை மட்டும் பார்த்தால் என் வளவைவிட உரும்பிராய் அதற்குப் பொருத்தம். ஆனால் மண் மட்டும் போதாதே. காட்டு லாவெண்டர் கடல்மட்டத்துக்கு மேலே அறுநூறு, ஆயிரம் மீட்டர் என்று குளிர் காணும் உயரங்களில் வளர்வது. குளிர்காலத்து ஓய்வு கிடைத்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். இரவிலும் வேர்க்கிற கடலோரக் காற்றில் அது பூஞ்சணம் பிடித்துத்தான் சாகும். சென்னையில் இருந்து கேட்கிற நண்பர்களுக்கும் இதையே சொல்கிறேன். இந்தியாவில் அது வேளாண்மையாக வேர்பிடித்த இடம் ஜம்முவின் தோடா மாவட்டத்துப் பதர்வா. ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரம். மக்காச்சோளம் விதைத்த சரிவுகளில், ஜம்முவில் இருக்கும் அரசு ஆய்வு நிறுவனம் நாற்றும் வடிகலனும் கொடுத்து அதைப் பயிராக்கியது.

மழையின் அளவும் ஒரு புதிர்தான். லண்டன் மழைக்குப் பேர்போன நகரம் என்றாலும் வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் அளவில்தான் பெய்கிறது. யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய அதன் இரு மடங்கு. ஆனால் அங்கே மாரி மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இங்கே அக்டோபர் தொட்டு மார்ச் வரை சொட்டிக்கொண்டே இருக்கும். வெயில் இல்லாததால் பெய்தது காயாது. ஹிட்கோட் மைனஸ் 10 பாகைக் குளிரையும் தாங்கும். அது சாவது பெரும்பாலும் குளிரால் அல்ல, பெப்ரவரி மாதத்து ஈரத்தால். அதனால்தான் செடியின் அடியைச் சுற்றி மரப்பட்டைச் சீவல் போடாமல் கூழாங்கல் பரப்புகிறோம். கழுத்து காய்ந்திருக்கும். இரண்டு கல்லுக்கு நடுவே காற்றுப் போய்வரும்.

முதல் கோடைதான் கையைக் கட்டிவைக்கக் கடினமான காலம். ஏனென்றால் அந்தக் கோடையில் மட்டும் தண்ணீர் கொடுக்கத்தான் வேண்டும். தும்புச்சோற்று உருண்டைக்குள் இருந்து வேர் இன்னும் வெளியே போயிருக்காது. வாரத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ, அடியில், நிறைய. அதன்பின் அடுத்த தடவை வரைக்கும் தொடக்கூடாது. தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட மோசமான பழக்கம் இல்லை. வேர் மேலேயே நின்றுவிடும். மாமிக்கு இது பிடிபட்டது, வேறு வழியில்: "விரதம் மாதிரி இல்லை, பாரணை மாதிரி விடச் சொல்லுறீங்கள்." இரண்டாம் கோடையிலிருந்து நிறுத்திவிடலாம். 2022 ஜூலையில் இங்கிலாந்தில் முதன்முறையாக வெப்பம் 40 பாகையைத் தாண்டி, ஊரெல்லாம் புல்தரை வைக்கோல் நிறமானபோது, முன்வளவுகளில் நின்ற லாவெண்டர்கள் எதுவும் நடக்காததுபோல நின்றன.

எப்படி நிற்கிறது என்பதை அறியக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். இளந்தண்டை விரலால் உருட்டினால் உருளாது. நாலு மூலை தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக நிற்கும். துளசி, தும்பை, புதினா, கற்பூரவல்லி எல்லாவற்றுக்கும் இதே சதுரத் தண்டு. எல்லாம் ஒரு குடும்பம். இலையின் சாம்பல்வெள்ளை நிறம் நிறமே அல்ல, நெருக்கமாக முளைத்த நுண்மயிர். வெயிலைத் திருப்பி அனுப்பி, இலையின் மேல் அசையாத காற்றை ஒரு படலமாகப் பிடித்து வைத்து நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. இலையில் தண்ணீர் தெளிப்பவர்கள் அந்த மயிரை நனைத்து ஒட்டவைக்கிறார்கள். வாசனை எண்ணெய் அதிகம் இருப்பது ஊதா இதழில் இல்லை. இதழைத் தாங்குகிற சிறு குழல் போன்ற புல்லிவட்டத்தில், அதன் வரிகளுக்கு இடையில் மினுங்குகிற சுரப்பிகளில் இருக்கிறது. அதனால்தான் இதழ் உதிர்ந்து காய்ந்த கதிரும் மாதக்கணக்கில் மணக்கிறது. யாட்லி பவுடர் டப்பாவில் இருந்து இந்த வாசனையை அறிந்தவர்கள் செடியில் முகர்ந்தால் முதலில் ஏமாறுவார்கள். டப்பாவில் இருப்பது இனிப்பு மட்டும். செடியில் கற்பூரமும் கசப்பும் கொஞ்சம் புழுதியும் சேர்ந்திருக்கும்.

பூத்தபின் தேனீக்கள். வண்டுத்தேனீ என்று நாங்கள் வீட்டில் சொல்கிற, குண்டாக மயிர் போர்த்த பம்பிள் தேனீதான் லாவெண்டரில் அதிகம். சாதாரணத் தேனீ குறைவு. சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் இதற்குக் காரணம் காட்டினார்கள்: வண்டுத்தேனீயின் நாக்கு நீளம், அதனால் ஒரு பூவில் தேனெடுத்து அடுத்ததற்குப் போக அதற்குப் பிடிக்கும் நேரம் மிகக் குறைவு. சிறிய நாக்கோடு வருகிற தேனீ தலையைக் குழலுக்குள் திணித்து மினக்கெடுகிறது.

ஆகஸ்டில் பூ வாடத் தொடங்கியதும் வெட்டவேண்டும். லாவெண்டர் பராமரிப்பில் செய்யாமல் இருப்பவை போக, செய்யவேண்டியது இது ஒன்றுதான். வெட்டாமல் விட்டால் அடி மரமாகி, மொட்டையாகி, தலையில் மட்டும் பச்சை வைத்துக்கொண்டு சில வருடத்தில் பிளந்துபோகும். எவ்வளவு வெட்டுவது என்பதில் ஆங்கிலத் தோட்டக்காரர் இரண்டு கட்சி. கிழட்டுக் கட்டைக்குள் கத்தி போகக்கூடாது, அங்கிருந்து துளிர்க்காது, ஆகவே இந்த வருடத்துப் பச்சையில் ஒரு விரல்கட்டை மிச்சம் விட்டு வெட்டு என்பது ஒன்று. இன்னொன்று, பூ முடிந்த கையோடு தயவுதாட்சணியம் இல்லாமல் பாதிக்குக் கீழே இறக்கு; பனி வருமுன்னர் துளிர்த்து மூடிக்கொள்ளும் என்பது. குனிந்து பார்த்தால் கட்டைத் தண்டின் பக்கவாட்டில் மணல்பருமனில் சாம்பல் துளிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு மேலே வெட்டினால் செடி பிழைக்கும், கீழே வெட்டினால் பெரும்பாலும் பிழைக்காது. இரண்டு கட்சியின் சண்டையும் அந்தத் துளிரைப் பார்த்துவிட்டு வெட்டுகிறவனுக்குத் தேவையில்லை.

எங்கள் வீட்டில் வெட்டுவது மாமி. எனக்குக் கை நடுங்கும். பூ இன்னும் கொஞ்சம் இருக்கிறதே, தேனீ வருகிறதே என்று ஒரு வாரம் தள்ளிப்போடுவேன். அவருக்கு அந்தத் தயக்கம் இல்லை. சாளரத்தடியில் நிற்கிற துளசியில் கதிர் விட்டால் கிள்ளிவிட்டால்தான் அடியில் கிளைக்கும் என்று சின்ன வயதிலேயே அவர் கை அறிந்தது. லாவெண்டரும் அந்தக் குடும்பம்தான் என்று சதுரத் தண்டைத் தொட்டுக் காட்டியதும், "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். தண்ணீர் விடாமல் இருப்பது எனக்குச் சுலபமாக வந்தது. அதில் கொஞ்சம் சோம்பலும் உண்டு. வெட்டுவது அவருக்குச் சுலபமாக வந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம் என்று இப்போது நினைக்கிறேன். ஒன்றும் கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறவன் கடைசியில் வெட்டவும் மாட்டான். வெட்டத் துணிகிறவருக்கு ஊற்றாமல் இருக்க முடியாது.

வெட்டும்போதுதான் பூச்சியும் கண்ணில் படும். ரோஸ்மேரி வண்டு, பச்சையும் ஊதாவும் மாறி மாறி உலோகமாய் மின்னும் கோடு போட்ட ஒரு நகை. 1990களில் இங்கிலாந்தில் காலூன்றியது. இலையைத் தின்கிறது. மருந்து வேண்டியதில்லை. செடிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துத் தட்டினால் விழும். இதைவிடப் பெரிய சாவு ஒன்று இந்த வட்டாரத்துக்கு முன்பே வந்திருக்கிறது. ஷாப் என்று உள்ளூரில் பெயர், ஒரு பூஞ்சை. தண்டுகளை ஒவ்வொன்றாக வாடவைத்து முழுச்செடியையும் முடித்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரே வயல்களில் அது பரவியபோது ஏற்கனவே நிலத்துக்கு வீடு கட்டுகிறவர்கள் நல்ல விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பிரெஞ்சு எண்ணெய் மலிவாய் வந்துகொண்டிருந்தது. மூன்றும் சேர்ந்து மிட்சத்து லாவெண்டரை முடித்தன. வேளாண்மை வடக்கே நகர்ந்தது. நோர்ஃபக்கின் ஹீச்சமில் லின் சில்வர்ஸ் 1932இல் நட்ட தோட்டம் அதற்குப் பிறகு பேர் வாங்கியது.

ஆனால் வயல்கள் அழிந்தபோது வீட்டு முன்வளவுகளில் நின்றவை அழியவில்லை. 1990களில் கார்ஷால்டனில் சிலர் பழைய சரே வகைகளைத் தேடினார்கள். அந்தச் சுற்றுவட்டத்து வீடுகளில் யார் நட்டது என்று தெரியாமல் வயதாகி நின்ற செடிகளிலிருந்து துண்டுகள் வெட்டி வந்தார்கள். பக்கத்து டவுன்வியூ சிறையில் இருந்தவர்கள் அவற்றை நாற்றாக வளர்த்துக் கொடுத்தார்கள். ஸ்டான்லி வீதியில் அந்தச் செடிகள் இப்போது மூன்று ஏக்கரில் நிற்கின்றன. ஜூலைக் கடைசியில் ஒரு வார இறுதிக்குத் திறந்துவிடுவார்கள். போய் நாமே வெட்டி எடுத்து வரலாம். பான்ஸ்டெட்டில் இருக்கிற மேஃபீல்ட் வயல் இதைவிடப் பெரியது, கலியாணச் சேலையோடு படம் பிடிக்க வருகிற நம்மவர் கூட்டமும் அங்கேதான். எனக்கு ஸ்டான்லி வீதிதான் பிடிக்கும். அங்கே செடியைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கும்.

துண்டு வைப்பது எளிது. பூக்காத இளந்தளிரில் விரல் நீளம், கீழ் இலைகளை உருவிவிட்டு, தும்புச்சோறும் மணலும் சரிபாதி கலந்த கலவையில் ஓரமாகக் குத்தவேண்டும். வேர் இல்லாத துண்டுக்குக் குடிக்க வழியில்லை. ஆகவே அந்தச் சில வாரங்கள் கலவை காயவே கூடாது, தளிர் வாடக் கூடாது, ஒரு நாள் மறந்தாலும் போயிற்று. இந்த வேலை எனக்கு ஆகாது. ஆகஸ்டில் வெட்டியதிலிருந்து நல்லதாகப் பொறுக்கி, காலித் தயிர்ப் பேணிகளில் அடியில் ஓட்டை போட்டு, சாளரத்தடியில் துளசிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருப்பவர் மாமி. காலையும் மாலையும் விரலால் தொட்டுப் பார்த்துக் கொஞ்சம் தெளிக்கிறார். அரிசித் தண்ணீரா என்று நான் கேட்கவில்லை. ஒன்றிரண்டு தவிர எல்லாம் பிடித்துவிட்டன.

"வேர் விட்டாப் பிறகு உங்கட பட்டினியைத் தொடங்குங்கோ தம்பி. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வரவேண்டாம்."

ஹரோவில் இருக்கிற மச்சாள் இரண்டு கேட்டிருக்கிறாள். அங்கே களி இதைவிட மோசம். ஏப்ரலுக்கு முன்னர் நாலு மூட்டை கல்தூள் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.